லிஸ்பனின் டெரைரு டூ பாசு: ஆற்றங்கரைச் சதுக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிஸ்பன் போகிறவர்கள் எல்லோரும் இந்தச் சதுக்கத்தில் ஒரு படமாவது எடுத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் கட்டடங்கள், வெள்ளை வளைவு, நடுவில் குதிரைச் சிலை, எதிரே கடல்போல விரிந்த ஆறு. அழகான இடம்தான். ஆனால் அழகை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது எனக்கு மனம் ஒப்பாத விஷயம். நம் கடற்கரைகளின் 16-ம் நூற்றாண்டுத் தலைவிதியில் பெரும்பங்கு இந்த மண்ணில் உட்கார்ந்துதான் எழுதப்பட்டது. பள்ளியில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார் என்று படித்ததோடு நிறுத்திவிட்டோம். அவர் திரும்பிப் போன ஊரில் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

இந்தச் சதுக்கம் சரியாக எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில், டேகஸ் ஆற்றின் வடகரையில். அந்த ஊர்க்காரர்கள் ஆற்றைத் தேஜு என்பார்கள். ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் முன் இங்கே அகன்று ஒரு பெரிய காயல்போல ஆகிவிடுகிறது. அதனால்தான் பாய்க்கப்பல் காலத்தில் இது இயற்கையான துறைமுகமாக அமைந்தது.

சதுக்கம் பக்கத்துக்குச் சுமார் 175 மீட்டர். மூன்று பக்கம் கட்டடம், நாலாவது பக்கம் தண்ணீர். ஐரோப்பாவின் பெரிய சதுக்கங்களில் இதுவும் ஒன்று.

இதற்கு ஏன் இரண்டு பெயர்?

வரைபடத்தில் பிராசா டூ கொமேர்சியு, அதாவது வணிகச் சதுக்கம். பேச்சில் டெரைரு டூ பாசு, அரண்மனை முற்றம். அரண்மனை 1755 நிலநடுக்கத்தில் போய்விட்டது, ஆனால் பெயர் போகவில்லை. மெட்ரோ நிலையத்துக்கே பழைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வழி கேட்கும்போது இரண்டில் எதைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

மிளகுக்கும் இந்த இடத்துக்கும் என்ன தொடர்பு?

எல்லாத் தொடர்பும் உண்டு. வாஸ்கோ ட காமா இந்தியாவிலிருந்து திரும்பியது 1499-ல். அதற்குள் முதலாம் மனுவேல் மன்னருக்கு இனி பணம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது தெளிவாகிவிட்டது. அதுவரை மன்னர்கள் மலைமேல் இருந்த சாவ் ஜார்ஜ் கோட்டையில் வாழ்ந்தார்கள். மனுவேல் கீழே இறங்கி, ஆற்றங்கரையிலேயே புது அரண்மனை கட்டத் தொடங்கினார். ரிபைரா அரண்மனை என்று அதற்குப் பெயர்.

ஒரு மன்னர் கோட்டையை விட்டுவிட்டுக் கப்பல்துறைக்குக் குடிபோவது சாதாரணக் காரியம் இல்லை. அரண்மனையின் மேற்குப் பக்கம் கப்பல் கட்டும் துறை. கீழ்த்தளத்தில் காசா ட இந்தியா, அதாவது இந்திய வாணிபத்தைக் கவனித்த அரசு நிறுவனம். கொச்சியிலும் கண்ணூரிலும் ஏற்றிய மிளகு மூட்டைகள் இங்கேதான் இறங்கின, எடை போடப்பட்டன, கணக்கில் ஏறின. மிளகு மன்னரின் ஏகபோகம். விலையை அரசே நிர்ணயித்தது. பெரும்பகுதி இங்கிருந்து வடக்கே ஆண்ட்வெர்ப் சந்தைக்குப் போனது. அதற்கு முன்னால் மிளகு செங்கடல் வழியாக அலெக்சாந்திரியாவுக்கும், அங்கிருந்து வெனிசுக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பழைய வழியை முறிப்பதுதான் போர்த்துக்கீசியரின் நோக்கமாக இருந்தது.

அதை எப்படிச் சாதித்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1502-ல் இரண்டாம் முறை வந்த காமா, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர் கப்பலைப் பெண்கள் குழந்தைகளோடு எரித்தார். கோழிக்கோட்டைப் பீரங்கியால் அடித்தார். அப்புறம் இந்தியப் பெருங்கடலில் போகும் வணிகக் கப்பல் ஒவ்வொன்றும் போர்த்துக்கீசியரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. சீட்டு இல்லாத கப்பல் பிடிபட்டால் சரக்கு போய்விடும். பல தலைமுறைகளாகக் கேள்வி இல்லாமல் போய்வந்த கடலில் நம் மரக்காயர்களும் செட்டிகளும் அனுமதி வாங்கிப் போக வேண்டிய நிலை அப்படி வந்தது.

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளும் இதே கரையில்தான் இறக்கப்பட்டார்கள். அவர்களைப் பதிவு செய்யவும் விற்கவும் 15-ம் நூற்றாண்டிலேயே லிஸ்பனில் தனி அரசு அலுவலகம் இருந்தது. 'கடல்வழி கண்டுபிடிப்புகளின் பொற்காலம்' என்று அங்கே பலகைகளில் படிக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது.

அரண்மனை முற்றத்தில் யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் சண்டை வைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1515 ஜூன் 3-ம் தேதி. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷா, கோவாவில் இருந்த போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்கு ஒரு காண்டாமிருகத்தைப் பரிசாக அனுப்பினார். அல்புகெர்க் அதை அப்படியே மன்னருக்குக் கப்பலேற்றிவிட்டார். கூடவே ஓசெம் என்ற இந்தியப் பராமரிப்பாளரும் போனார். நான்கு மாதப் பயணம். மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா உயிரோடு பார்த்த முதல் காண்டாமிருகம் அதுதான்.

யானையும் காண்டாமிருகமும் பரம விரோதிகள் என்று பழைய ரோமானிய நூல்களில் எழுதியிருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க மனுவேல் மன்னர் முற்றத்தில் கூட்டம் கூட்டினார். இளம் யானை ஒன்றைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார்கள். யானை கூட்டத்தைப் பார்த்து மிரண்டு ஓடிவிட்டது. சண்டை முடிந்தது.

அந்தக் காண்டாமிருகத்தை அதே ஆண்டு டிசம்பரில் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார்கள். வழியில் இத்தாலியக் கரையருகே கப்பல் மூழ்கியது. சங்கிலியில் கட்டியிருந்ததால் அந்த ஜீவனால் நீந்தித் தப்பிக்க முடியவில்லை. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதை நேரில் பார்க்காமலே, லிஸ்பனிலிருந்து வந்த வர்ணனையையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்துச் செய்த மர அச்சுப் படம் உலகப் புகழ் பெற்றது. ஓசெம் என்ன ஆனார் என்று எந்தப் படமும் சொல்லவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பற்றித்தான் நினைவு வருகிறது.

தமிழுக்கும் இந்த இடத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் சின்னத் தொடர்பு இல்லை. தமிழ் மொழியில் அச்சான முதல் புத்தகம் வெளிவந்த ஊர் லிஸ்பன். 1554 பிப்ரவரியில், கிறித்தவ மறைக்கல்விக்கான ஒரு சிறு நூல் தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் சேர்த்து அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்தில் அல்ல, ரோமன் எழுத்தில். எழுத்து வார்க்கும் வசதி அப்போது இல்லை. அச்சிட உத்தரவிட்டவர் மூன்றாம் ஜுவாவ் மன்னர். அவர் வாழ்ந்தது இந்த முற்றத்தை ஒட்டிய அரண்மனையில்.

மொழிபெயர்த்தவர்கள் பெயர் நூலிலேயே இருக்கிறது: விசென்தே தே நசரே, ஜார்ஜ் கர்வால்யு, தோமா த குரூஸ். மூவரும் இந்தியர்கள், ஞானஸ்நானத்தில் போர்த்துக்கீசியப் பெயர் பெற்றவர்கள். இதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1530-களில்தான் தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறையில் பரதவர்கள் பெருந்திரளாக மதம் மாறியிருந்தார்கள். அந்த மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு புத்தகம் தேவைப்பட்டது. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1578-ல் கொல்லத்தில் வந்தது.

சதுக்கத்தில் இதைப் பற்றி ஒரு பலகைகூட நான் பார்க்கவில்லை. ஒன்று வைக்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன். லிஸ்பனுக்குப் போகும் தமிழர்களுக்கு அதைவிடப் பெரிய செய்தி அந்த ஊரில் வேறு இல்லை.

ஸ்பெயின் ஆட்சி இங்கே எப்படி முடிந்தது?

1580-ல் போர்த்துக்கீசிய அரியணைக்கு நேரடி வாரிசு இல்லாமல் போக, ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் அதைப் பிடித்துக்கொண்டார். லிஸ்பன் வந்து இதே அரண்மனையில் தங்கினார், ஆற்றோரம் ஒரு பெரிய கோபுரமும் கட்டவைத்தார். அறுபது ஆண்டுகள் அப்படிப் போயின.

1640 டிசம்பர் 1-ம் தேதி காலை, போர்த்துக்கீசியப் பிரபுக்கள் ஒரு கூட்டமாக அரண்மனைக்குள் புகுந்தார்கள். ஸ்பெயினுக்காக நிர்வாகம் பார்த்துவந்த மிகேல் தே வாஸ்கோன்செலோஸ் ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார். கண்டுபிடித்துக் கொன்று, உடலை ஜன்னல் வழியாக இந்த முற்றத்தில் எறிந்தார்கள். பிரகான்சா பிரபு நான்காம் ஜுவாவ் என்ற பெயரில் மன்னரானார். டிசம்பர் 1 இன்றும் போர்ச்சுகலில் விடுமுறை நாள்.

அந்த மன்னரின் மகள் கத்தரீனாதான் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸுக்குக் கல்யாணமாகி 1662-ல் இங்கிருந்து கப்பலேறினார். சீதனத்தில் பம்பாயும் இருந்தது. ஒரு பெண்ணின் திருமணப் பத்திரத்தில் ஓர் இந்தியத் துறைமுகம் கைமாறியது, அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

1755 நிலநடுக்கத்தில் இந்த இடத்தில் என்ன நடந்தது?

நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், தேவாலயங்கள் நிறைந்திருந்த நேரம். பூமி பல நிமிடங்கள் விடாமல் ஆடியது. கூரைகள் கூட்டத்தின்மேல் விழுந்தன. பீடங்களில் ஏற்றியிருந்த மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் சரிந்து தீப்பிடித்தது.

தப்பியவர்களுக்குத் தோன்றியது ஒன்றுதான்: இடிந்து விழ எதுவும் இல்லாத வெட்டவெளிக்கு ஓடிவிட வேண்டும். ஊரிலேயே பெரிய வெட்டவெளி இந்த முற்றம். எல்லோரும் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஆறு பின்வாங்கி, அடித்தரையும் பழைய கப்பல் சிதிலங்களும் தெரிந்தன. பிறகு, நிலநடுக்கம் தொடங்கி முக்கால் மணி நேரத்துக்குள், ஆழிப்பேரலை வந்தது. புதிதாகக் கட்டியிருந்த கல் துறைமேடை அதன்மேல் நின்றவர்களோடு போய்விட்டது.

இறந்தவர் எண்ணிக்கைக்குப் பல மதிப்பீடுகள் உண்டு. முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை என்று சொல்பவர்கள் அதிகம். தீ ஐந்தாறு நாட்கள் எரிந்தது. அரண்மனை நூலகத்தில் இருந்த எழுபதாயிரம் நூல்கள் சாம்பலாயின. கடற்பயணங்களின் ஆவணங்கள் பல போயின, டிஷியன், ரூபன்ஸ் ஓவியங்கள் போயின. அரண்மனையை ஒட்டி அந்த வருடம்தான் திறந்த அரசவை ஓப்பரா அரங்கம் சுமார் ஏழு மாதம்தான் நின்றது.

நம் கடலோரத்தின் 16, 17-ம் நூற்றாண்டு வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு இது நேரடி இழப்பு. காசா ட இந்தியாவின் ஆவணங்கள் பெரும்பாலும் அந்தத் தீயில் அழிந்தன. யாரிடம் வாங்கினார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள், எந்தக் கப்பலில் யார் ஏறினார்கள் என்ற விவரங்கள் அந்தக் கட்டுகளில் இருந்திருக்கும்.

முதலாம் ஜோசே மன்னரும் குடும்பமும் அன்று காலை ஊருக்கு மேற்கே உள்ள பெலேம் பக்கம் போயிருந்ததால் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு கல் கட்டடத்துக்குள் தூங்கவே மன்னருக்குப் பயம். அஜூதா குன்றின்மேல் முதலில் கூடாரங்களிலும், பிறகு மரத்தால் கட்டிய மாளிகையிலும் மீதி ஆயுளைக் கழித்தார்.

திரும்பக் கட்டியது யார்? ஏன் அரண்மனையைக் கட்டவில்லை?

அமைச்சர் செபஸ்தியாவ் ஜோசே தே கர்வால்யு. பின்னால் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவர். கொடூரமான ஆட்சியாளர், எதிரிகளை ஈவிரக்கமில்லாமல் ஒழித்தவர். ஆனால் அந்த வாரத்தில் அவர் செயல்பட்ட விதத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தொற்றுநோய் வராமலிருக்கப் பிணங்களைப் படகுகளில் ஏற்றி ஆற்று முகத்துக்கு அப்பால் கடலில் விடச் சொன்னார். உணவுப்பொருள் விலையைக் கட்டுப்படுத்தினார். கொள்ளையடிப்பவர்களுக்குத் தூக்குமரம் நட்டார். அப்புறம் நாடு முழுவதும் பங்குச் சாமியார்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்: நடுக்கம் எவ்வளவு நேரம் இருந்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள். கடவுளின் கோபம் என்று பிரசங்கம் நடந்துகொண்டிருந்த நாட்டில் இப்படிக் கேட்டது புதிது. நிலநடுக்க அறிவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

தலைமைப் பொறியாளர் மனுவேல் த மையா. அப்போது எண்பதை நெருங்கிய கிழவர். பழையபடியே கட்டலாம், தெருக்களை மட்டும் அகலமாக்கலாம், ஊரையே பெலேம் பக்கம் மாற்றலாம் என்று பல வழிகளை எழுதிக் கொடுத்தார். முற்றாக இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. எவுஜேனியு தோஸ் சான்தோஸ், கார்லோஸ் மர்தெல் இருவரும் வரைபடம் போட்டார்கள். ரோசியு சதுக்கத்துக்கும் இந்தச் சதுக்கத்துக்கும் நடுவே கோடு போட்டதுபோல நேர்த் தெருக்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு: பொற்கொல்லர், வெள்ளி வேலைக்காரர், செருப்புத் தைப்பவர், துணி வியாபாரி. அந்தப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

கட்டடங்களுக்கு உள்ளே இருப்பதுதான் விசேஷம். சுவருக்குள் மரச்சட்டங்களைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கும் நெடுக்கும் கோத்துக் கூண்டாக்கி, மேலே காரை பூசினார்கள். பூமி ஆடும்போது மரம் வளைந்துகொடுக்கும், மொத்தமாகச் சரியாது. மாதிரி ஒன்றைச் செய்து சுற்றிலும் படைவீரர்களைத் தடதடவென்று நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. வீட்டுக்கு வீடு தீத்தடுப்புச் சுவர். ஈர மண்ணுக்கு அடியில் பைன் மரக் கம்பங்களை அடித்து அவற்றின்மேல் அஸ்திவாரம்.

அரண்மனைக்கு வருவோம். மன்னருக்கே கல் மாளிகையில் நாட்டம் இல்லை. பணம் கொடுத்தவர்கள் வணிகர்கள்: இறக்குமதிச் சரக்குக்கு நூற்றுக்கு நான்கு வீதம் தாங்களே முன்வந்து வரி கட்டினார்கள். பிரேசில் சுரங்கங்களின் தங்கமும் உதவியது, அதைத் தோண்டியவர்கள் அடிமைகள். ஆக, அரண்மனை நின்ற இடத்தில் சுங்கச்சாவடியும் வணிகர் மன்றமும் அரசு அலுவலகங்களும் வந்தன. மன்னர் நடுவே சிலையாக மட்டும் நின்றார். இந்தச் சதுக்கத்தின் வரலாற்றிலேயே பெரிய முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். வாசலில் காவலாளி நின்ற முற்றம் யார் வேண்டுமானாலும் குறுக்கே நடந்துபோகும் இடமானது அப்போதுதான்.

சிலையின் பீடத்தில் யானை ஏன்?

குதிரைமேல் இருப்பவர் முதலாம் ஜோசே. சிற்பி ஜோவாக்கிம் மஷாது தே காஸ்த்ரு. வெண்கலத்தை ஒரே வார்ப்பாக ஊற்றினார்கள். 1775 ஜூன் 6, மன்னரின் பிறந்தநாளில் திறந்தார்கள். குதிரை பாம்புகளை மிதித்துக்கொண்டு நிற்கிறது. வெண்கலம் கறுத்துப்போனதால் ஆங்கிலேய மாலுமிகள் இதைக் 'கறுப்புக் குதிரைச் சதுக்கம்' என்று கூப்பிட்டார்கள்.

சிலையைவிடப் பீடத்தைப் பாருங்கள். ஒருபக்கம் வெற்றி தேவதை குதிரையோடு, மறுபக்கம் புகழ் தேவதை யானையோடு. யானை ஆசியாவைக் குறிக்கிறது. விலங்குகளின் காலடியில் மனித உருவங்கள் விழுந்து கிடக்கின்றன. பேரரசு தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதை இதைவிடப் பச்சையாகக் கல்லில் சொல்ல முடியாது. எல்லோரும் அண்ணாந்து மன்னரைப் படமெடுக்கிறார்கள், கீழே கிடப்பவர்களை யாரும் எடுப்பதில்லை.

முன்பக்கம் பொம்பாலின் முகம் பதித்த பதக்கம் உண்டு. மன்னர் 1777-ல் இறந்து பொம்பால் பதவி இழந்ததும் அதைப் பிடுங்கிவிட்டார்கள். 1833-ல் திரும்ப மாட்டினார்கள்.

வளைவு எப்போது கட்டியது? மேலே ஏறலாமா?

ஏறலாம். மொட்டைமாடியை 2013-ல் திறந்துவிட்டார்கள், கட்டணம் உண்டு. வளைவு பொம்பால் காலத் திட்டத்திலேயே இருந்தது, ஆனால் முடிந்தது 1870-களில்தான். வாஸ்கோ ட காமாவும் பொம்பாலும் அதில் நிற்கிறார்கள்.

மன்னர் சுட்டுக்கொல்லப்பட்டது இங்கேயா?

ஆமாம். 1908 பிப்ரவரி 1 மாலை, சதுக்கத்தின் மேற்கு மூலையில், அர்செனால் தெரு தொடங்கும் இடத்தில். முதலாம் கார்லோஸ் மன்னர் நாட்டுப்புற மாளிகையிலிருந்து ரயிலில் பரெய்ரு வந்து, அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்து இறங்கினார். அரசியல் கைதிகளை விசாரணையின்றி நாடு கடத்த வழிசெய்யும் ஆணையில் அவர் கையெழுத்திட்டிருந்த நேரம். ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் திறந்த வண்டியில் போனார்கள்.

மனுவேல் புயிசா, அல்ஃப்ரெடு கோஸ்தா இருவரும் சுட்டார்கள். மன்னர் அங்கேயே இறந்தார், மூத்த மகன் லூயிஸ் பிலிப்பே சற்று நேரத்தில் இறந்தார். இளைய மகன் மனுவேலுக்குக் கையில் காயம். அரசி அமேலி கையிலிருந்த பூச்செண்டால் கொலையாளியை அடித்தார். சுட்ட இருவரும் அங்கேயே கொல்லப்பட்டார்கள். பதினெட்டு வயது மனுவேல் அரியணை ஏறி, 1910 அக்டோபர் 5-ல் குடியரசு வந்தபோது நாட்டைவிட்டுப் போனார்.

1974 புரட்சியில் இந்தச் சதுக்கத்துக்கு என்ன பங்கு?

போர்ச்சுகலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த சர்வாதிகாரம் அந்தப் புரட்சியில் முடிந்தது. ஆப்பிரிக்கக் காலனிகளான அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு மூன்றிலும் விடுதலைப் போராளிகளுக்கு எதிராக 1960-களிலிருந்து போர் நடந்தது. அதில் களைத்துப்போன இளம் ராணுவ அதிகாரிகள்தான் கிளர்ந்தெழுந்தார்கள்.

ஏப்ரல் 25 அதிகாலை, சான்தரேம் குதிரைப்படைப் பள்ளியிலிருந்து சுமார் 240 வீரர்களோடு கேப்டன் சால்கைரு மையா வந்து சதுக்கத்தைப் பிடித்தார். வயது 29. அமைச்சகங்கள் இங்கே இருந்ததால் இதைப் பிடிப்பது அரசின் கழுத்தைப் பிடிப்பதற்குச் சமம். உள்ளே மாட்டிக்கொண்ட அமைச்சர்கள் சுவரை உடைத்துப் பக்கத்துக் கட்டடம் வழியாகத் தப்பினார்கள்.

ஆற்றில் ஒரு போர்க்கப்பல் வந்து நின்றது. சதுக்கத்தை நோக்கிச் சுடும்படி அதற்கு உத்தரவு. அது சுடவில்லை. அடுத்து, அரசுக்கு விசுவாசமான பிரிகேடியர் ஒருவர் டாங்கிகளோடு ஆற்றோரச் சாலையில் வந்தார். மையா வெள்ளைக் கைக்குட்டையோடு பேசப் போனார். சுடு என்றார் பிரிகேடியர். இளம் அதிகாரி மறுத்தார். டாங்கியில் இருந்த ஜோசே அல்வேஸ் கோஸ்தா என்ற கார்ப்பரலிடம் அதே உத்தரவு போனது. அவர் டாங்கிக்குள் போய் மூடியைச் சாத்திக்கொண்டார்.

ஒரு கார்ப்பரல் சுடாததால் ஒரு நாட்டின் போக்கு மாறியது. பட்டாளத்தில் உத்தரவை மீறுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே செய்தார். இந்தச் சதுக்கத்தில் யாருக்காவது சிலை வைக்க வேண்டும் என்றால் என் ஓட்டு அவருக்குத்தான்.

மையாவின் படை அங்கிருந்து கார்மு குன்றுக்குப் போனது. பிரதமர் மார்செலு கேத்தானு அன்று மாலையே அங்கே சரணடைந்தார். மக்கள் துப்பாக்கிக் குழல்களில் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். முற்றிலும் ரத்தமில்லாத நாள் என்று சொல்லக்கூடாது, ரகசியப் போலீஸ் தன் அலுவலகத்துக்கு வெளியே நின்ற கூட்டத்தைச் சுட்டு நான்கு பேரைக் கொன்றது.

நமக்கும் இதில் ஒரு கணக்குத் தீர்ந்தது. 1961 டிசம்பரில் கோவா இந்தியாவோடு சேர்ந்ததை லிஸ்பன் அரசு ஒப்புக்கொள்ளவே இல்லை. புரட்சி நடந்த அதே ஆண்டு டிசம்பர் 31-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன, போர்ச்சுகல் கோவாவை இந்தியாவின் பகுதியாக ஏற்றது.

தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு தூண்கள் என்ன?

கப்பலில் வரும் பெரிய மனிதர்கள் இறங்க அமைத்த படித்துறை, தூண்துறை என்று சொல்லலாம். 1957-ல் பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத் அரசுப் படகில் வந்து இங்கேதான் இறங்கினார். மெட்ரோ வேலைக்காக 1990-களில் கழற்றி எடுத்துவிட்டு 2008-ல் திரும்ப வைத்தார்கள். அலை ஏறியிருக்கும்போது கீழ்ப்படிகள் வழுக்கும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வரலாறு உள்ள இடம் கார் நிறுத்துமிடமாக இருந்ததாமே?

பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. 1970, 80-களின் படங்களில் மன்னரின் குதிரையைச் சுற்றி வரிசையாகக் கார்கள். அப்புறம் மெட்ரோச் சுரங்கம் தோண்டும்போது 2000-ல் தண்ணீரும் மண்ணும் உள்ளே புகுந்து வேலை நின்றது. நிலையம் திறந்தது 2007 டிசம்பரில். அதற்குள் இந்தப் பக்கம் வருவதையே ஊர்க்காரர்கள் விட்டிருந்தார்கள்.

பிறகு கார்களை அகற்றி, வளைவு மண்டபங்களில் உணவகங்களை விட்டார்கள். உச்ச நீதிமன்றமும் நிதி அமைச்சகமும் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. 1782-லிருந்து நடக்கும் மார்த்தின்யு த ஆர்கதா என்ற காப்பிக்கடையும் உண்டு, கவிஞர் பெர்னான்டு பெசோவா வழக்கமாக உட்காரும் மேசையை அங்கே காட்டுவார்கள். இப்போது கூட்டம் பெரும்பாலும் வெளியூர்க் கூட்டம். லிஸ்பன்காரர்கள் வேலைக்குப் போகப் படகு பிடிக்கத்தான் இந்தச் சதுக்கத்தைக் கடக்கிறார்கள். உணவகங்களைச் சற்றுக் குறைத்து, உட்கார நிழலுள்ள இருக்கைகளைக் கூட்டினால் அவர்களும் வந்து உட்காருவார்கள்.

போவதென்றால் எப்படிப் போவது, எதைக் கவனிப்பது?

மெட்ரோவின் நீலப் பாதையில் டெரைரு டூ பாசு நிலையத்தில் இறங்கினால் சதுக்கம்தான். மரம் ஒன்றுகூட இல்லாததால் கோடை மதியத்தில் நிற்க முடியாது, காலையில் அல்லது மாலையில் போங்கள். கூட்டத்தில் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காதருகே வந்து போதைப்பொருள் வேண்டுமா என்று கேட்பவர்களிடம் நின்று பேசாதீர்கள்.

வளைவுக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து நில்லுங்கள். இந்தச் சதுக்கம் தண்ணீரிலிருந்து வருபவர்களுக்காகக் கட்டப்பட்டது. அதனால் முடிந்தால் பக்கத்துத் துறையிலிருந்து பரெய்ருவுக்குப் படகில் போய்த் திரும்புங்கள். சுமார் இருபது நிமிடப் பயணம், சாதாரணப் போக்குவரத்துக் கட்டணம்தான். திரும்பி வரும்போது சதுக்கம் முழுசாகத் தெரியும்.

பழைய அரண்மனையை இன்று எங்காவது பார்க்க முடியுமா?

கட்டடமாகப் பார்க்க முடியாது. ஆனால் லிஸ்பனின் தேசிய ஓட்டு அருங்காட்சியகத்தில், நீல-வெள்ளை ஓடுகளில் வரைந்த ஊர்க்காட்சி ஒன்று இருக்கிறது. சுமார் 23 மீட்டர் நீளம், 1700-ஐ ஒட்டிய காலத்தது. நிலநடுக்கத்துக்கு முந்திய லிஸ்பன் ஆற்றங்கரை முழுவதையும் அதில் வீடு வீடாகப் பார்க்கலாம். ரிபைரா அரண்மனையும், பிலிப் மன்னரின் கோபுரமும், முன்னால் இந்த முற்றமும் இருக்கின்றன. சதுக்கத்துக்குப் போவதற்கு முந்திய நாள் அதைப் பார்த்துவிடுவது நல்லது. சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில், கொரியெய்ருஸ் தெருவில், ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அடியில் ரோமானியர் காலத்து மீன் பதப்படுத்தும் தொட்டிகளும் பொம்பால் காலத்து மரக்கம்பங்களும் கண்டெடுக்கப்பட்டு அப்படியே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு வழிகாட்டியோடுதான் போக வேண்டும், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.